கூதலனுக்கு ஒரு குல்லாய்

ரொம்ப காலத்துக்கு முன்னால், மலைகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைத்து முடிக்காத காலத்தில், மஞ்சுமலை என்று ஒரு சின்ன நாடு இருந்தது. எவ்வளவு சின்னது என்று கேட்கிறீர்களா? ஒரு ராஜாவை வைத்துக்கொள்ள இடம் போதாது, அவ்வளவு சின்னது. ராஜா இல்லாத ஊரில் ராஜா மாதிரி நடந்துகொள்ள யாராவது ஒருத்தன் வந்துவிடுவான் இல்லையா? அப்படி வந்து சேர்ந்தவன்தான் கூதலன் என்ற மந்திரவாதி.

ஆள் நெடுநெடுவென்று இருப்பான். தொப்புள்வரை தாடி. தலையிலோ ஒரு முடி கிடையாது. கையில் ஒரு நீளக் கோல். மலை உச்சியில் அவனுக்கு ஒரு கல்வீடு, கல்வீட்டுக்குப் பின்னால் பெரிய ஆட்டுப்பட்டி. அந்தப் பட்டியில் இருந்தவை ஆடுகள் அல்ல. எல்லோரும் மஞ்சுமலைக்காரர்கள். அந்தக் கொடுமையைத்தான் சொல்ல வருகிறேன்.

மஞ்சுமலையில் கோடை முடிந்தால் குளிர் வந்துவிடும். மேற்கு மலையிலிருந்து மஞ்சு இறங்கும். மஞ்சு என்றால் மேகம்தான், ஆனால் தரையில் நடக்கிற மேகம். கம்பளி இல்லாமல் அந்தக் குளிரைத் தாங்க முடியாது. அதனால் கோடையின் கடைசி மாதத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டு பின்னல் ஊசிகள் டிக்டிக்கென்று பேசிக்கொண்டிருக்கும். அந்த ஊர் வழக்கம் ஒன்று உண்டு. ஊசியில் முதல் கண்ணி, அதாவது முதல் நூல் வளையம், போடும்போது யாருக்குப் பின்னுகிறோமோ அவர் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "என் தங்கச்சிக்கு," "எங்க அப்பாவுக்கு," என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். அன்பான வழக்கம். கூதலன் அந்த அன்பில்தான் கைவைத்தான்.

வந்த வருஷமே ஊர் நடுவில் நின்று கோலைத் தரையில் மூன்று தட்டு தட்டினான்.

"கேளுங்கள் மஞ்சுமலைக்காரர்களே! கோடை முடிந்து முதல் மஞ்சு இறங்கும் நேரத்தில், யார் பெயர் சொல்லி ஆரம்பித்த பின்னல் முடியாமல் கிடக்கிறதோ, அவர் ஆடாகி என் பட்டிக்கு வந்துவிடுவார். கடைசிக் கண்ணியை மூடி நூலை அறுத்தால்தான் முடிந்ததாகக் கணக்கு. இது நான் போட்ட விதி. போட்ட பிறகு நானே நினைத்தாலும் மாற்ற முடியாத விதி!"

சரி, பெயர் சொல்லாமல் பின்னிவிட்டுப் போவோம் என்று சிலர் பார்த்தார்கள். பெயர் சொல்லாத கண்ணி ஊசியில் நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி ஓடியது. பட்டம்மா என்று ஒருத்தி, கெட்டிக்காரி என்று அவளுக்கே நினைப்பு, புருஷனுக்குச் சட்டை பின்னும்போது பூனையின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தாள். சட்டை முடியவில்லை. மஞ்சு இறங்கியது. புருஷன் தப்பினான், பூனை ஆடாகிவிட்டது. ஆடான பிறகும் பழக்கம் போகாமல் பரண்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

அதிலிருந்து யாரும் விளையாடவில்லை. வருஷத்துக்குப் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் என்று மலை ஏறிப் போனார்கள். கூதலன் பட்டி ஆடுகளின் கம்பளியைக் கத்தரித்து ஊருக்கே கொடுத்து, பதிலுக்குத் தானியம் வாங்கிக்கொண்டான். தம் மனிதர் உடம்பில் வளர்ந்த கம்பளியை வாங்கி, மிச்சமிருந்த மனிதருக்குப் பின்னினார்கள் மஞ்சுமலைப் பெண்கள். இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

இந்த ஊரில் சிலம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். நல்ல கைக்காரி, ஊசியைப் பார்க்காமலே பின்னுவாள். ஒரே ஒரு கோளாறு, ஒன்றை முடிக்கும் முன்னால் இன்னொன்றை ஆரம்பித்துவிடுவாள். புருஷனுக்குச் சட்டை பாதியில் இருக்கும், மகளுக்குக் குல்லாய் போடத் தோன்றும். குல்லாய் முக்காலில் இருக்கும், பக்கத்து வீட்டுக் குழந்தையின் பாதத்தைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். பின்னும்போது யாராவது கூப்பிட்டால் ஒரே பதில்தான் வரும்.

"வரிசை முடியட்டும்!"

அடுப்பில் பால் பொங்கினாலும் அதே பதில்தான். வாசலில் விருந்தாளி நின்றாலும் அதுவேதான். வரிசை நடுவில் நிறுத்தினால் எண்ணிக்கை தப்பிவிடும், பின்னுகிறவர்களுக்குத் தெரியும். அவள் புருஷன் மாசிலாமணிக்கும் ஏழு வயது மகள் அம்சவல்லிக்கும் இது பழகிப்போயிருந்தது.

ஒரு வருஷம் கோடை முடியும் நேரத்தில் சிலம்பாயி ராப்பகலாகப் பின்னினாள். மகளுடையது முடிந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தையுடையது முடிந்தது. "எனக்கென்ன அவசரம், என்னோடதக் கடைசில பாத்துக்க," என்று மாசிலாமணி சொல்லியிருந்தார். அவருடைய சட்டையில் வலது கை மட்டும் பாக்கி. முழங்கைவரை வந்துவிட்டது. அப்போது மஞ்சு இறங்கியது. கொல்லையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த மனிதர், கையில் விறகோடு திரும்பிப் பார்த்தார். விறகு கீழே விழுந்தது. அங்கே ஒரு செம்மறியாடு நின்றது.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "முடிக்கத் தெரியாதவளக் கட்டினா இப்படித்தான்," என்றது. கூதலனை ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சிலம்பாயியும் முதலில் தன்னைத்தான் நொந்துகொண்டாள். அந்த முடியாத சட்டையை மடியில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அழுதாள்.

பிறகு மலை ஏறினாள், ஒரு தரம் இல்லை, மூன்று தரம்.

முதல் தரம் போய், "என் புருஷனக் குடுங்க," என்றாள். கூதலன் சிரித்தான்.

இரண்டாம் தரம் போய், "சட்டைய முடிச்சுக் கொண்டாந்திருக்கேன், குடுங்க," என்றாள். "காலம் கடந்துவிட்டது பெண்ணே," என்று கூதலன் சிரித்தான்.

மூன்றாம் தரம் போனபோது அவன் சிரிக்கவில்லை, சலித்துக்கொண்டான். "விதி என்றால் விதி. நானே நினைத்தாலும் மாற்ற முடியாது என்று அன்றைக்கே சொன்னேனா இல்லையா?"

பட்டி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆடு ஓடி வந்து சிலம்பாயி கையை முகர்ந்தது. அவள் கொண்டுபோன அகத்திக்கீரையைத் தின்னாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது.

இறங்கி வரும்போது சிலம்பாயி அழவில்லை. யோசித்துக்கொண்டே வந்தாள். இவன் கோலுக்கு ஆளை ஆடாக்கும் வேலை வருஷத்தில் ஒரே ஒரு நாள், அதுவும் மஞ்சு இறங்குகிற ஒரு நிமிஷம். மற்ற நாளெல்லாம் அது வெறும் கழி. இதற்கா இத்தனை பேர் வருஷம் பூராவும் நடுங்குகிறோம்? வீட்டுக்கு வந்தாள், மாசிலாமணியின் சட்டையை எடுத்தாள், ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். சட்டை சரசரவென்று பிரிந்தது. பின்னிப் பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும், நேராகாது. அந்தச் சுருள் நூலை உருண்டையாகச் சுற்றி வைத்தாள்.

அடுத்த கோடையும் வந்து, ஒழுங்காகக் காய்ந்து, முடியப் போனது. கடைசி நாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும், ஏனென்றால் அன்று காலையிலேயே மேற்கு மலை உச்சியில் மஞ்சு வந்து குந்திக்கொள்ளும். சாயங்காலம் இறங்கும். அன்று தெருவெல்லாம் கடைசி வெயிலுக்குப் போட்டி நடந்தது. பாயில் மிளகாய், துணியில் வடாம், சுவரில் மெத்தை. உள்ளே ஊசிகள் டிக்டிக், டிக்டிக். அம்சவல்லியின் குல்லாயைச் சிலம்பாயி ஒரு மாதம் முன்பே முடித்து நூலை அறுத்துவிட்டாள். அந்தப் பெண் வெயிலிலும் அதைக் கழற்றாமல் வியர்வை வழிய உட்கார்ந்திருந்தது.

கூதலன் வழக்கம்போல் ஊர்வலம் வந்தான். எந்த வீட்டில் எது முடியவில்லை என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே சிலம்பாயி வாசலுக்கு வந்தான். அவள் ஒரு முக்காலியைத் தெருவிலேயே போட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் நேர் எதிரே வந்ததும், சுருள் நூலை ஊசியில் மாட்டி, தெருவே கேட்கும்படி சொன்னாள்.

"மந்திரவாதி கூதலனுக்கு!"

முதல் கண்ணி விழுந்தது. அது வழுக்கவில்லை, ஊசியில் நின்றது.

தெருவில் ஊசிச் சத்தம் நின்றுபோனது. கூதலன் வாய்விட்டுச் சிரித்தான். பாதிச் சிரிப்பில் அவனுக்குப் பட்டம்மாவின் பூனை ஞாபகம் வந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"என்... என்ன செய்தாய் பெண்ணே?"

"வரிசை முடியட்டும்," என்றாள் சிலம்பாயி.

மஞ்சுமலையின் மந்திரவாதி நடுத்தெருவில் காத்து நின்றான். எண்பது கண்ணி போட்டு முடித்துத்தான் அவள் தலை நிமிர்ந்தாள்.

"குல்லாய்ங்க ஐயா. உங்க தலையப் பாத்தாப் பாவமா இருந்துச்சு."

"திமிரா? உன்னை இன்றைக்கே ஆடாக்குகிறேன் பார்! உன் பெயரில் என்ன பின்னல் இருக்கிறது? எங்கே இருக்கிறது?" வீட்டுக்குள் பாய்ந்தான். பெட்டியைக் கவிழ்த்தான், பரணைத் துழாவினான், பானைக்குள் கைவிட்டான். அந்த வீட்டில் சிலம்பாயி பெயர் சொல்லி ஆரம்பித்த ஒரு பின்னலும் இல்லை. அடுத்த வீட்டில் இல்லை, அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. எல்லோருக்கும் பின்னினவளுக்கு இத்தனை வருஷத்தில் யாரும் ஒரு காலுறைகூடப் பின்னியதில்லை. அது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லைதான். ஆனால் அன்றைக்கு அதுதான் அவளைக் காப்பாற்றியது.

கூதலன் வெளியே வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "மாலைக்குள் முடித்துவிடுவாய் அல்லவா?"

"முடிக்கலாம். கை சும்மா இருந்தா மதியத்துக்கே முடிச்சிடுவேன். ஆனா மிளகா காயுது, காக்கா வருது. அத யாரு ஓட்டுறது?"

அப்புறம் என்ன? மூன்று மலைக்குப் பெயர்போன மந்திரவாதி, கோலை வைத்துக் காக்காய் ஓட்டினான். மிளகாயைக் கிளறிவிட்டான். கிளறின கையால் கண்ணைத் துடைத்தான். துடைத்துவிட்டு அவன் போட்ட கூச்சலில் காக்காய் அன்றைக்கு அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

"முடிந்ததா?"

"வரிசை முடியட்டும். அடுப்புல களி இருக்கு, கிண்டலைன்னா அடிப்பிடிக்கும்."

கூதலன் அடுப்படிக்குப் போனான். அம்சவல்லி இடுப்பில் கைவைத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தது.

"தாடி மாமா, கட்டி கட்டியா இருக்கு. இன்னும் கிண்டுங்க."

"எனக்குத் தெரியும்!"

"தெரிஞ்சா ஏன் கட்டியா இருக்கு?"

களியைக் கிண்டி, வேர்த்து வடிந்து, தாடி நுனியில் மாவோடு வந்தான். "இப்போதாவது முடிந்ததா?"

"வரிசை முடியட்டும். மெத்தைங்க சுவத்து மேல கெடக்கு. தட்டி உள்ள எடுத்துப் போட்டுட்டீங்கன்னா..."

தட்டினான். ஒரு வருஷத் தூசியும் அவன் மூக்குக்குள் போனது. தெருவே ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் யாரோ ஒருத்தி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் இன்னொருத்தி சிரித்தாள். இத்தனை வருஷத்தில் கூதலனைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. சிரித்துப் பார்த்தபோதுதான் அது அவ்வளவு கஷ்டமில்லை என்று தெரிந்தது.

சிலம்பாயி ஏமாற்றவில்லை. உண்மையாகவே பின்னிக்கொண்டிருந்தாள். குல்லாய் வளர்ந்தது. மஞ்சு உச்சியைவிட்டு ஒரு முழம் இறங்கியிருந்தது.

கூதலனுக்குப் பொறுமை போய்விட்டது. "கொடு இங்கே, நானே பின்னுகிறேன்!" என்று ஊசியைப் பிடுங்கினான். பெரிய வித்தையா இது, ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி, அவ்வளவுதானே என்று நினைத்தான். நாலு கண்ணி போட்டான், ஆறு கண்ணி விட்டான். நூலைத் தாடியோடு சேர்த்துப் பின்னிக்கொண்டான். சிலம்பாயி கத்தரிக்கோலால் தாடியை விடுவித்து, அவன் கெடுத்ததைப் பிரித்து, மூன்று வரிசை கீழே போய் மறுபடி ஆரம்பித்தாள்.

"அரைநாழிகை வீணாப் போச்சு ஐயா."

அவன் பதறிக்கொண்டு தெருவில் ஓடினான். முதல் வீட்டுக் கதவைத் தட்டினான். "அம்மா, கொஞ்சம் வந்து அந்தக் குல்லாயை முடித்துக் கொடேன்!"

"வரிசை முடியட்டும்," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

இரண்டாம் வீட்டுக் கதவைத் தட்டினான். அங்கேயும் வரிசை முடிந்தபாடில்லை.

மூன்றாவது வீடு பட்டம்மாவுடையது. அவள் கதவை அகலத் திறந்தாள், வாசலை அடைத்து நின்றாள். "என் மாமனாரு மூணு வருசமா உன் பட்டில புல்லு மேயுறாரு. என் பூனையும் அங்கதான் கெடக்கு. நான் வந்து உனக்குக் குல்லா முடிக்கணுமா? போய்யா வேலையப் பாத்துக்கிட்டு!" என்று சொல்லிக் கதவை அவன் மூக்குக்கு நேராகச் சாத்தினாள். போன வருஷம் சிலம்பாயியை முடிக்கத் தெரியாதவள் என்று முதலில் சொன்னதும் இதே பட்டம்மாதான். இருக்கட்டும், இன்றைக்காவது வாய் திறந்தாளே.

கூதலன் திரும்பி வந்தபோது மஞ்சு பாதி மலைக்கு வந்துவிட்டது. குல்லாய் உச்சியில் குறுகிக்கொண்டே போய்ப் பன்னிரண்டு கண்ணியில் நின்றது. கால் நாழிகை வேலை. சிலம்பாயி ஊசியை மடியில் வைத்துவிட்டாள்.

"ஏன் நிறுத்தினாய்?"

"கை வலிக்குது."

அவனுக்குப் புரிந்துவிட்டது. தாடியைக் கோதிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். தேனாகப் பேசினான்.

"உன் வீட்டுக் கூரை உயரம் பொன் தருகிறேன். முடித்துக் கொடு."

சிலம்பாயி வானத்தைப் பார்த்தாள்.

"என் கல்வீட்டையே தருகிறேன். மஞ்சுமலையின் ராணியாக இரு."

"எனக்கு ரெண்டு அறையப் பெருக்கவே முடியல," என்றாள் சிலம்பாயி.

கூதலன் எழுந்து நின்று சீழ்க்கை அடித்தான். மலைச்சரிவில் ஒரு செம்மறியாடு ஓடி வந்தது. அவன் கோலின் நுனியை அதன் தோளில் வைத்தான். ஆடு நிமிர்ந்தது. அங்கே மாசிலாமணி நின்றார். தலைமயிரைக் கன்னாபின்னாவென்று கத்தரித்திருந்தது, கன்னம் ஒட்டிப் போயிருந்தது, ஆனால் அவரேதான். அவர் மூச்சுவிடும் சத்தம்கூட அவளுக்குத் தெரிந்தது.

"அப்பா!" என்று அம்சவல்லி ஓடிப்போய் முழங்காலைக் கட்டிக்கொண்டது.

"கோல் தோளில் இருக்கும்வரை மனிதன், எடுத்தால் ஆடு," என்றான் கூதலன். "விதியைத்தான் மாற்ற முடியாது, பிடித்த ஆட்டை விட முடியும். குல்லாயை முடி. கோலை ஊன்றி விடுதலை சொல்லி, இவனை உன்னிடமே விட்டுவிட்டுப் போகிறேன். முடிக்காவிட்டால் இவனை நீ இனிமேல் பார்க்கவே முடியாத இடத்துக்கு ஓட்டிவிடுவேன்."

சிலம்பாயியின் கை தானாக ஊசியை எடுத்தது. ஏன் எடுக்காது? ஒரு வருஷமாக அவள் வேறு எதையும் கேட்கவில்லை. இந்தப் பன்னிரண்டு கண்ணியை மூடினால் போதும், இன்று ராத்திரி மூன்று பேரும் சேர்ந்து அந்தக் கட்டிக் களியைச் சாப்பிடலாம். முடிக்காமல் விட்டால் என்ன ஆகும்? மந்திரவாதியின் விதி மந்திரவாதியையே பிடிக்கும் என்று அவளுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. ஒரு பூனை ஆடானதை வைத்து அவளே நினைத்துக்கொண்டதுதான். பலிக்காமல் போனால் புருஷனும் போவார், அவளும் ஊர் வாயில் விழுந்து சாவாள்.

கண்ணீர் ஊசிமேல் விழுந்தது. "என்னங்க," என்றாள், "முடிக்கவா?"

மாசிலாமணி மகளின் குல்லாயைத் தடவினார். குரல் அவருக்கு மறந்துபோயிருந்தது, இரண்டு மூன்று தரம் தொண்டையைச் செருமினார்.

"சிலம்பு, பட்டியில நூத்திப் பதினாறு பேரு இருக்கோம். என்ன ஒருத்தன மட்டும் கூட்டிட்டுப் போனா, நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த வீட்டுக்காரங்களப் பாக்குறது? அடுத்த வருசம் இவன் அம்சாவுக்கு வருவான். வேணாம். நீ முடிக்காத."

"உங்களத் திரும்பப் பாக்கலைன்னா?"

"பாப்ப." அவர் லேசாகச் சிரித்தார். "முடிக்காம வைக்கிறது உனக்கென்ன புதுசா?"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். கூதலனுக்குக் கோபம் தலைக்கேறியது. கோலை வெடுக்கென்று எடுத்தான். அம்சவல்லியின் கைகளுக்குள் கம்பளி உடம்பு ஒன்று நின்றது. பிள்ளை வீறிட்டு அழுதது, ஆனால் பிடியை விடவில்லை.

சிலம்பாயி ஊசியை எடுத்துப் பின்ன ஆரம்பித்தாள். பன்னிரண்டு கண்ணி ஆறானது. கூதலன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். ஆறு மூன்றானது. "அப்படித்தான், அப்படித்தான்," என்றான். மஞ்சு தெருமுனையில் திரும்பியது. மூன்று ஒன்றானது. ஒரே ஒரு கண்ணி. அதற்குள் நூலை இழுத்து, அறுக்க வேண்டியதுதான் பாக்கி.

அவள் ஊசிகளைச் சேர்த்துப் பிடித்தாள். குல்லாயை மடியில் வைத்தாள். இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டாள். பிடுங்கி அவனே முடிக்கலாம் என்றால், முன்னே கெடுத்த மூன்று வரிசை கூதலனுக்கு ஞாபகம் வந்தது.

"தாயே! வரிசை முடியட்டும்னு சொன்னியே!" கூதலனின் பேச்சில் இருந்த ராஜ தோரணையெல்லாம் உதிர்ந்துவிட்டது. "ஒரு கண்ணிதானே தாயே! நூல அறுத்துடு தாயே!"

"வரிசை முடிஞ்சிருச்சு ஐயா. குல்லாயத்தான் முடிக்க மாட்டேன்."

"எல்லாரையும் விட்டுடறேன்! இனிமே செய்ய மாட்டேன்!"

"இப்பவே விதிய மாத்துறேன்னு சொல்லுங்க, அறுக்குறேன்."

கூதலன் எப்படிச் சொல்வான்? அவனே நினைத்தாலும் மாற்ற முடியாத விதி அல்லவா? ஊரைப் பயமுறுத்த என்று அவனே கட்டின கட்டு. அவிழ்க்க அவனுக்கே வழி வைத்துக்கொள்ளவில்லை.

"அப்ப என்னால ஒண்ணும் செய்ய முடியாது," என்றாள் சிலம்பாயி. கட்டிய கையை அவள் அவிழ்க்கவில்லை.

மஞ்சு வந்தது. மிளகாய்ப் பாய்மேல் வந்தது, முக்காலியின் காலைத் தொட்டது, கூதலனின் பாதத்தைத் தொட்டது. அவன் ஓடப் பார்த்தான். ஓடிய கால்கள் நாலாகிவிட்டன. "சிலம்பாயி..." என்று கத்தப் பார்த்தான். "மே..." என்றுதான் வந்தது. கோலைப் பிடிக்க அவனுக்கு இப்போது விரல் இல்லை. கோல் தரையில் விழுந்து, கல்லில் மோதி, இரண்டாக முறிந்தது.

அம்சவல்லி கட்டிப் பிடித்திருந்த கம்பளி உடம்பு நிமிர்ந்து எழுந்தது. இந்தத் தடவை தோளில் கோல் இல்லை. மாசிலாமணி தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு மகளைத் தூக்கிக்கொண்டார். மலைமேலிருந்து பெரிய இரைச்சல் கேட்டது. மஞ்சுக்குள்ளே ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். தாறுமாறாகக் கத்தரித்த தலைகள், சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகங்கள். பட்டம்மாவின் மாமனார் பூனையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். தெருவில் எல்லாக் கதவும் திறந்தது. பாதிப் பின்னலை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். யாரும் ஆடாகவில்லை. போட்டவன் நாலு காலில் நின்ற பிறகு விதி மட்டும் எங்கே நிற்கும்?

அன்று ராத்திரி ஊரே சேர்ந்து கூதலன் கிண்டின களியைச் சாப்பிட்டது. கட்டி கட்டியாகத்தான் இருந்தது. பட்டம்மா தன் பங்கோடு வந்து சிலம்பாயி பக்கத்தில் உட்கார்ந்து, "நான் போன வருசம் சொன்னத மனசுல வச்சுக்காத," என்றாள். சிலம்பாயி, "வச்சுக்குவேன், கொஞ்ச நாளைக்கு," என்றாள். அதுவும் நியாயம்தானே.

அந்தக் குளிர்காலத்தில் மஞ்சுமலையில் ஒரு புது சுகம் வந்தது. அவரவர் பின்னலை அவரவர் இஷ்டப்படி ஆரம்பித்தார்கள், இஷ்டப்பட்ட இடத்தில் விட்டார்கள். சிலம்பாயி ஒரே வாரத்தில் ஒன்பது ஆரம்பித்தாள், ஒன்றையும் முடிக்கவில்லை. மாசிலாமணி ஊசியைப் பிடிக்கப் பழகினார். முதல் வேலையாக அவள் பெயரைச் சொல்லிக் கண்ணி போட்டார். அது காலுறையா கைப்பையா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அவள் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தாள்.

கூதலன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்கள், இல்லையா? எங்கே போவான்? சிலம்பாயி வீட்டுக் கொல்லையிலேயே கட்டிப்போட்டிருந்தார்கள். அம்சவல்லிதான் புல் போட்டது. நல்ல பனி விழுந்த ஒரு காலையில் அந்தப் பிள்ளை, முடியாத குல்லாயைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தது.

"அம்மா, ஒரே ஒரு கண்ணிதானே பாக்கி. முடிச்சுப் போட்டுடலாமா? பாவம், அதுக்குக் குளிராதா?"

சிலம்பாயி கொல்லையைப் பார்த்தாள். ஆடு புல்லை மென்றுகொண்டே ஆவலாகத் தலையைத் தூக்கியது.

"அதுக்கென்னடி குளிரு? உடம்பு பூராக் கம்பளிய வச்சுக்கிட்டு நிக்குது. பங்குனி வரட்டும், கத்தரிச்சுக்கலாம்."